சுட்டிக்காட்டுவதைச் சொல்லியும் காட்டுங்கள்

கேள்வி: நான் உயிரியல் ஆசிரியை. நான்கு ஆண்டுகளாக இணையத்தில் தமிழில் பாடம் நடத்துகிறேன். 86 வீடியோக்கள், நாற்பதுக்கு மேற்பட்ட பிடிஎஃப் குறிப்புகள், ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பத்து நிமிடத் தேர்வு என்று தளம் வளர்ந்திருக்கிறது. போன வாரம் ஒரு மாணவர் எழுதியிருந்தார்: “மேடம், நான் பார்வையற்றவன். உங்கள் குரல் தெளிவாக இருக்கிறது. ஆனால் இதயப் பாடத்தில் ‘இங்கேயிருந்து இப்படி வந்து இதுக்குள்ள போகுது’ என்கிறீர்கள். எங்கேயிருந்து எதற்குள் என்று எனக்குத் தெரியவில்லை. குறிப்புகள் என் கணினியில் படிக்க வரவில்லை. தேர்வில் பெயர்களை இழுத்துப் படத்தில் பொருத்தச் சொல்கிறது. அதை நான் எப்படிச் செய்வது?” படித்ததிலிருந்து மனம் சரியில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரமாகப் பதில் போடாமல் இருக்கிறேன். எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டுமா? தளத்தைப் பார்த்துக்கொள்ளும் நண்பர், ஒரு வரி நிரலைச் சேர்த்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு மென்பொருளைக் காட்டுகிறார். ஒருவருக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றும் கேட்கிறார். நான் எங்கே தொடங்குவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைவிட அதற்குள் இருந்த மாணவரின் கடிதத்தைத்தான் அதிக முறை படித்தேன். இணையப் பாடங்களை மாற்றுத்திறனாளிகளும் படிக்கும்படி திருத்திக் கொடுப்பது என் வேலை. பாடம் எட்டாதவர்கள் பெரும்பாலும் புகார் சொல்வதில்லை. பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் பாடத்தைக் கேட்டிருக்கிறார், உங்கள் குரலைப் பாராட்டியிருக்கிறார், எந்தெந்த இடத்தில் நின்றுபோனார் என்று குறித்து எழுதியிருக்கிறார். உங்களிடமே படிக்க வேண்டும் என்று நினைக்கிறவர்தான் இப்படி எழுதுவார்.

86 வீடியோவையும் மறுபடி எடுக்க வேண்டாம். நண்பர் காட்டும் மென்பொருளும் வேண்டாம். அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு இதயப் பாடம் ஒன்றை மட்டும் கையில் எடுங்கள். அதன் வீடியோ, குறிப்பு, தேர்வு மூன்றையும் அந்த மாணவர் யாருடைய உதவியும் கேட்காமல் முடிக்கும்படி செய்யுங்கள். தளம் முழுவதையும் ஒரேயடியாகத் திருத்தக் கிளம்பியவர்கள் பாதியில் ஓய்ந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பாடத்தை முழுசாகச் சரிசெய்தவர்கள் அடுத்ததற்குத் தாங்களாகவே போகிறார்கள்.

வீடியோவில் தொடங்குவோம். அங்கே சிக்கல் மென்பொருளில் இல்லை, பேச்சில் இருக்கிறது. அ, இ, உ என்று சுட்டெழுத்துகளைச் சின்ன வகுப்பிலேயே படித்துவிட்டோம். அவற்றில் பிறந்த இது, இங்கே, இப்படி, இவ்வளவு ஆகியவைதான் பலகை முன் நிற்கும் ஆசிரியருக்கு மிக வசதியான சொற்கள். பாதி வாக்கியத்தை வாய் பேசும், மீதியை விரல் பேசிவிடும். விரல் பேசியது உங்கள் மாணவருக்குப் போய்ச் சேரவில்லை.

என்னோடு பாடங்களைச் சோதிக்கும் தோழி பார்வையற்றவர். ஒரு முறை வேதியியல் வீடியோ ஒன்றைக் கேட்கும்போது, ஆசிரியர் சொன்ன ஒவ்வொரு ‘இது’வுக்கும் மேசையில் விரலால் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே வந்தார். பன்னிரண்டு நிமிடப் பாடம். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து எந்தப் பாடத்தைத் திருத்தினாலும் முதலில் திரையை அணைத்துவிட்டுக் காதால் மட்டும் கேட்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இதயப் பாடத்தை ஓடவிட்டுத் திரையைத் திருப்பி வைத்துவிடுங்கள். சுட்டுச்சொல் வரும் இடத்தில் எல்லாம் நேரத்தைக் குறித்துக்கொண்டு, ‘எது?’ என்று உங்களையே கேளுங்கள். அதற்கு வரும் விடைதான் வீடியோவில் இருந்திருக்க வேண்டிய சொல்.

“இங்கேயிருந்து வர்ற இரத்தம் இப்படிப் போய் இதுக்குள்ள இறங்கும்” என்ற வாக்கியம் இப்படி ஆகும்: “உடம்பிலிருந்து திரும்பி வர்ற, ஆக்சிஜன் குறைஞ்ச இரத்தம் மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை ரெண்டு வழியாவும் வலது ஏட்ரியத்துக்கு வருது. அங்கேயிருந்து மூவிதழ் வால்வைத் தாண்டி, கீழே இருக்கிற வலது வென்ட்ரிக்கிளுக்கு இறங்குது.” சில விநாடிகள் கூடுதலாகும், அவ்வளவுதான். விரலால் காட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை. பார்க்கிற மாணவர்களுக்கு விரல் வேண்டும். காட்டுவதைச் சொல்லவும் செய்யுங்கள் என்கிறேன். இன்னொன்றும் கவனியுங்கள்: ‘நீலத்தில் இருக்கிறதெல்லாம்’ என்று நீங்கள் சொல்லும் இடத்தில் ‘ஆக்சிஜன் குறைந்த’ என்று வந்துவிட்டால், நிறம் சொல்ல வந்த செய்தியைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

இதயப் படத்தில் இடது வலது என்று ஒரு குழப்பம் உண்டல்லவா? படத்தில் வலப்பக்கம் தெரிவது இதயத்தின் இடப்பக்கம். பார்க்கிற மாணவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இதில் தடுக்கி விழுவார்கள். பார்வையற்றவருக்கு இந்தக் குழப்பமே இல்லை, ஏனென்றால் அவர் எதிரே இருக்கும் படத்தைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. “உங்கள் இடது கை பக்கம் இருப்பதுதான் இதயத்தின் இடப்பக்கம், உங்கள் மூடிய கை அளவுதான் உங்கள் இதயம்” என்று சொல்லித் தொடங்கினால் தன் உடம்பையே மாதிரியாக வைத்துக்கொள்வார். இடது வென்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடிமனாக இருக்கிறது, அது எவ்வளவு தூரம் இரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கையை வைத்தே விளங்கும். இப்படி ஒரு முறை நடத்திப் பார்த்தால், பார்க்கிற பிள்ளைகளுக்கும் இதுவே நல்ல தொடக்கம் என்று உங்களுக்குத் தோன்றும் என நினைக்கிறேன்.

ஏற்கனவே எடுத்த வீடியோவுக்குப் புதுப் படப்பிடிப்பு தேவையில்லை. குறித்துவைத்த இடங்களில் மட்டும் குரலைப் புதிதாகப் பதிவுசெய்து மாற்றலாம். புது வாக்கியம் நீளமாக இருந்தால் படத்தை அந்த இடத்தில் சில விநாடி உறைய வைக்கலாம். அதுவும் முடியாத பாடங்களுக்கு, வீடியோவில் காட்டியதையும் சேர்த்து எழுதிய முழு எழுத்து வடிவத்தை அதே பக்கத்தில் போட்டுவிடுங்கள். திரையில் உள்ள முக்கியமான எல்லாம் பேச்சிலேயே வந்துவிட்டால் தனியாகக் காட்சி விவரிப்புக் குரல் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை. வலைத்தளங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான சர்வதேச வழிகாட்டு நெறிகளும் அப்படித்தான் சொல்கின்றன. சொல்லிக் காட்டப் பழகிய ஆசிரியருக்கு இனி எடுக்கும் வீடியோக்களில் இதற்கென்று தனி வேலையே இருக்காது.

அடுத்தது குறிப்புகள். ‘படிக்க வரவில்லை’ என்று அவர் எழுதியதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். உங்கள் பிடிஎஃபைத் திறந்து ஒரு வரியை மவுஸால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். தேர்வாகவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். திரையில் உள்ள எழுத்தைக் குரலாகப் படித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத் தாள்.

தேர்வானால் அதை நகலெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டுங்கள். தமிழ் தமிழாகவே வந்தால் நல்லது. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கொட்டினால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டின. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். பாமினியில் ‘அம்மா’ என்று நீங்கள் அடித்தது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கிறது. உங்கள் மாணவரின் கணினி அதைத்தான் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கும். ஒரு பக்கம் முழுக்க அப்படிக் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தமிழில் இன்னும் எத்தனையோ நல்ல பாடக்குறிப்புகள் இந்த எழுத்துருக்களுக்குள் அடைபட்டுக் கிடப்பது எனக்குத் தீராத வருத்தம். இதற்கு மாற்று, கணினிக்குள்ளும் தமிழைத் தமிழாகவே வைக்கும் யூனிகோட் முறைதான். பழைய எழுத்துருவை யூனிகோடாக்கும் மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மூல வேர்டு கோப்பு கையில் இருந்தால் ஒரு மாலையில் பல பாடங்களை மாற்றிவிடலாம்.

ஸ்கேன் பக்கங்கள்தான் கொஞ்சம் பொறுமையைக் கேட்கும். படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் மென்பொருள்கள் தமிழுக்கும் உண்டு, டெசராக்ட் இலவசம். ஆனால் அவை ‘ர’வையும் துணைக்காலையும் குழப்பும், புள்ளியை விட்டுவிடும். உயிரியலில் ஒரு புள்ளி போனால் கலைச்சொல்லே போய்விடும். வந்ததை வரி வரியாக மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் மாணவருக்குத் தராதீர்கள்.

மூன்றாவது காரணம், யூனிகோட் தமிழாகவே இருந்தாலும் ஆவணத்தின் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருப்பது. அப்போது திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு தமிழ் எழுத்துகளைத் தாண்டிப் போகலாம், உளறவும் செய்யலாம். கோப்பிலும் வலைப்பக்கத்திலும் மொழி தமிழ் என்று குறிப்பது ஒரு நிமிட வேலை. தளத்துக்கு அதை உங்கள் நண்பரே செய்து தரலாம்.

என்னைக் கேட்டால், குறிப்புகளை பிடிஎஃபாகத் தருவதையே குறைத்துவிட்டுச் சாதாரண வலைப்பக்கமாகப் போடுங்கள் என்பேன். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானாக மடங்கும், கைபேசியில் படிக்க வரும், திருத்துவதும் எளிது. பிடிஎஃபையும் நன்றாகச் செய்யலாம். அதற்கென்று 2012இல் வந்த ஐஎஸ்ஓ தரமே இருக்கிறது. ஆனால் தனி ஆளாக நாற்பது கோப்புகளை வைத்திருப்பவர் அந்தப் பாதையில் போக வேண்டியதில்லை. வலைப்பக்கத்தில் தலைப்புகளை மட்டும், எழுதும் மென்பொருளில் ‘ஹெட்டிங்’ என்று இருக்கும் தலைப்புப் பாணியில் போடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் கண்ணுக்குத்தான் அது தலைப்பு. பார்வையற்றவர்கள் பக்கத்தை மேலிருந்து கீழாக முழுதும் கேட்பதில்லை. என்விடிஏ போன்ற திரைவாசிப்பானில் எச் விசையைத் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவுவார்கள், நாம் பக்கத்தைப் புரட்டுவது போல. தலைப்பே இல்லாத பக்கத்தில் தாவ இடமில்லை. இணைப்புகளையும் அவர்கள் தனிப் பட்டியலாக எடுத்துக் கேட்பார்கள். அதில் ‘இங்கே சொடுக்கவும்’ என்று பத்து முறை வந்தால் எந்த ‘இங்கே’ என்று யாருக்குத் தெரியும்? இங்கேயும் சுட்டுச்சொல்தான் வழி மறிக்கிறது. ‘இதயப் பாடக் குறிப்பு’ என்றே இணைப்புக்குப் பெயர் வையுங்கள்.

குறிப்பில் உள்ள படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படித்துக் காட்டும் சிறு விவரிப்பு, எழுத வேண்டும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பலர் ‘இதயத்தின் படம்’ என்று எழுதிவிட்டு முடித்துவிடுகிறார்கள். அந்தப் படத்தை ஏன் அங்கே வைத்தீர்கள் என்பதற்கான விடைதான் மாற்று உரை. நான்கு அறைகளை அறிமுகப்படுத்த வைத்தீர்களா, இரத்த ஓட்டத்தின் பாதையைக் காட்ட வைத்தீர்களா? ஒரே படத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு உரை வரலாம். பாதை நீளமானது என்பதால் அதைப் படத்தின் கீழே எல்லோரும் படிக்கும்படி பத்தியாகவே எழுதிவிடுங்கள், மாற்று உரையில் ‘இதயத்தின் நீள்வெட்டுத் தோற்றம், இரத்தம் செல்லும் பாதை கீழே விளக்கப்பட்டுள்ளது’ என்று இருந்தால் போதும். ஓரத்தில் அழகுக்கு வைத்த பூ வேலைப்பாட்டுக்கு மாற்று உரையைக் காலியாக விட வேண்டும். அதையும் வர்ணித்தால் கேட்பவரின் நேரம்தான் வீணாகும்.

தேர்வுக்கு வருகிறேன். இழுத்துப் பொருத்தும் கேள்வி பார்வையற்றவருக்கு மட்டும் தடையில்லை. கை நடுங்குபவர்கள், மவுஸைப் பிடித்தபடி நகர்த்த முடியாதவர்கள், விசைப்பலகையை மட்டும் பயன்படுத்துபவர்கள் எல்லோருக்கும் அது பூட்டிய கதவு. 2023இல் வெளியான வழிகாட்டு நெறிகளின் 2.2ஆம் பதிப்பு இதைத் தனி விதியாகவே சேர்த்திருக்கிறது: இழுத்துச் செய்வது எதுவானாலும் இழுக்காமல் செய்யவும் ஒரு வழி இருக்க வேண்டும். எளிய வழி, படத்தில் 1, 2, 3 என்று எண்ணிட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் கீழ்விரி பட்டியலில் விடையைத் தேர்ந்தெடுக்க வைப்பது.

ஆனால் அதோடு நிற்காதீர்கள். படத்தைப் பார்க்காதவருக்கு ‘எண் 3 எது?’ என்ற கேள்வியில் பொருள் இல்லை. நீங்கள் உண்மையில் சோதிக்க விரும்புவது என்ன? படத்தில் இடத்தைக் கண்டுபிடிக்கும் திறனையா, எந்த உறுப்பு எதோடு இணைகிறது என்ற அறிவையா? பின்னதுதான் என்றால், “வலது வென்ட்ரிக்கிளிலிருந்து நுரையீரலுக்கு இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய் எது?” என்று சொல்லால் கேளுங்கள். இது சலுகைக் கேள்வி ஆகாது. அதே அறிவைத்தான் சோதிக்கிறது, சொல்லப்போனால் இன்னும் நேராகச் சோதிக்கிறது. மாற்று உரையில் விடையைப் போட்டுக் கொடுத்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வுப் படங்களில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

பத்து நிமிடக் கெடுவைப் பற்றியும் ஒரு சொல். பார்க்கிறவர் நான்கு விடைகளையும் ஒரே பார்வையில் மேய்ந்துவிடுவார். திரைவாசிப்பானில் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். எழுத்துகளைப் பிரித்துப் படிக்கத் திணறும் டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்கும் கடிகாரம் ஓடும்போது எழுத்து இன்னும் கலங்கும். வழிகாட்டு நெறிகளின் மிக அடிப்படையான நிலையிலேயே இதற்கு விதி இருக்கிறது: நேரக் கெடு இருந்தால், பயனர் அதை நிறுத்தவோ, குறைந்தது பத்து மடங்குவரை கூட்டிக்கொள்ளவோ, கெடு முடியுமுன் நீட்டிக்கொள்ளவோ வழி வேண்டும். வேகமே அந்தத் தேர்வின் உயிர் என்றால்தான் விலக்கு. உங்கள் பாட முடிவுத் தேர்வு வேகத்தைச் சோதிக்கிறதா? இல்லை என்றால் கடிகாரத்தை எல்லோருக்குமே எடுத்துவிடுங்கள். ‘கூடுதல் நேரம் வேண்டுவோர் சான்றிதழுடன் விண்ணப்பிக்கவும்’ என்று போடாதீர்கள். பதினைந்து மதிப்பெண் பயிற்சித் தேர்வுக்காகத் தன் குறையை ஒருவர் எழுதி நிரூபிக்க வேண்டியிருப்பது மனத்தைப் புண்படுத்தும். சரியான விடைக்குப் பச்சை, தவறானதற்குச் சிவப்பு என்று மட்டும் காட்டினால் ‘சரி’, ‘தவறு’ என்ற சொற்களையும் சேருங்கள். அந்த இரண்டு நிறங்களையும் பிரித்தறியாத ஒரு பையன் உங்கள் வகுப்பில் இப்போதே இருக்கக்கூடும். வெள்ளைத் தாளில் வெளிர்ச் சாம்பல் எழுத்தும் வேண்டாம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்சத்தில் குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் வேறுபாடு வேண்டும் என்பது கணக்கு.

உங்கள் மாணவர் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும்: வசன வரிகள். காது கேளாத ஒருவர் உங்கள் பாடத்துக்கு வந்துபோயிருந்தால், குரல் தெளிவாக இருக்கிறது என்றுகூட அவரால் எழுதியிருக்க முடியாது. தானியங்கி வசனவரி தமிழில் வருகிறது. ஆனால் ஏட்ரியமும் வென்ட்ரிக்கிளும் அதன் கையில் என்ன பாடு படுகின்றன என்று நீங்களே ஒரு முறை பாருங்கள். அதை வரைவாக வைத்துக்கொண்டு திருத்துங்கள். தமிழில் கூடுதலாக ஒரு கேள்வி எழும்: ‘போகுது’ என்று பேசியதை ‘போகுது’ என்றே எழுதுவதா, ‘போகிறது’ என்று எழுதுவதா? பேசியதை அப்படியே எழுதுவதுதான் நேர்மை என்பவர்கள் உண்டு. பிறவியிலேயே கேளாதவர்கள் தமிழைக் காதால் கற்கவில்லை, புத்தகத்தில் கற்றார்கள். அவர்களுக்கு ‘இறங்குறப்ப’ என்பது அறிமுகமில்லாத சொல். அதனால் நான் சொல் வடிவத்தை மட்டும் எழுத்துத் தமிழுக்கு மாற்றுகிறேன். சொற்களின் வரிசையையும் தேர்வையும் தொடுவதில்லை. உதட்டசைவைப் பார்த்துக்கொண்டே வரியையும் படிப்பவர்களுக்கு இரண்டும் ஒத்துப்போக வேண்டும் அல்லவா? இவ்வளவு செய்தாலும், சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு வசன வரி இரண்டாம் மொழிதான். சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. உங்கள் முக்கியமான சில பாடங்களுக்காவது ஒருநாள் சைகை மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்துக்கொள்ள முடிந்தால் மிகவும் மகிழ்வேன்.

இப்போது நண்பரின் மென்பொருள். ஒரு வரி நிரல், பக்கத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிப் படம், அழுத்தினால் எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறத்தை மாற்றலாம், வாசிக்கச் சொல்லலாம். பார்வையற்றவரிடம் திரைவாசிப்பான் ஏற்கனவே இருக்கிறது; அது இல்லாமல் அவர் உங்கள் பக்கத்துக்கே வந்திருக்க முடியாது. இரண்டாவதாக ஒன்று அதன் விசைகளுக்குள் வந்து குறுக்கிட்டால் இருப்பதும் கெடும். நீங்கள் ‘இது’ என்று சொன்னது எது என்று எந்த நிரலுக்கும் தெரியாது. பாமினியை அது தமிழாக்காது, இழுத்துப் பொருத்தும் தேர்வை மாற்றி அமைக்காது. தங்கள் கருவி எந்தத் தளத்தையும் விதிகளுக்குப் பொருந்தச் செய்துவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் நடுவண் வணிக ஆணையம் 2025இல் உத்தரவிட்டது. அதற்குக் கொடுக்கவிருந்த பணத்தை வசன வரி திருத்தும் ஒருவருக்குக் கொடுங்கள்.

நண்பரின் இன்னொரு கேள்வி, ஒருவருக்காகவா என்பது. உலக மக்கள்தொகையில் 16 சதவீதம், அதாவது சுமார் 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க உடற்குறையோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. கல்வி அவர்களுக்கும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை என்று 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 24ஆவது பிரிவு சொல்கிறது. இந்த எண்களையும் விதிகளையும் நண்பரிடம் சொல்லலாம். ஆனால் எனக்கு அவை இல்லாமலும் விடை ஒன்றுதான். ஒரு மாணவர் கேள்வி கேட்கிறார், அவர் உங்கள் மாணவர். வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை கை தூக்கினால், ஒருவர்தானே என்று நீங்கள் தாண்டிப் போகமாட்டீர்கள்.

நான் பல முறை குறிப்பிட்ட வழிகாட்டு நெறிகள், வலையின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி என்ற அமைப்பு 1999 முதல் வெளியிட்டு வருபவை. அதில் ‘ஏ’, ‘இரட்டை ஏ’, ‘மும்மை ஏ’ என்று மூன்று நிலைகள் உண்டு; இரட்டை ஏ நிலையை நோக்கிப் போனால் போதும். முதல் நாளே அதைத் திறந்து உட்கார வேண்டாம். முதலில் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப், என்டர், அம்பு விசைகளை மட்டும் வைத்து உங்கள் பாடத்தைத் திறந்து, வீடியோவை ஓடவிட்டு, தேர்வை முடித்துப் பாருங்கள். இப்போது எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்று திரையில் தெரிகிறதா, எங்கேயாவது மாட்டிக்கொள்கிறோமா என்று மட்டும் கவனியுங்கள். பிறகு என்விடிஏவை நிறுவுங்கள். இலவசம், 2006இல் பார்வையற்ற ஓர் இளைஞர் தொடங்கிய திட்டம் அது. ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக்கும் ஐபோனில் வாய்ஸ்ஓவரும் திரைவாசிப்பான்களாக ஏற்கனவே உள்ளன. முதல் நாள் அந்தக் குரல் உங்களைத் திணறடிக்கும். அதை வைத்து உங்கள் மாணவரின் நிலையை எடைபோடாதீர்கள். பழகியவர்கள் நமக்குப் புரியாத வேகத்தில் அதைக் கேட்பார்கள். உங்களைத் திணறடிப்பது பழக்கமின்மை, அவரை நிறுத்தியது உங்கள் பக்கத்தில் உள்ள தடை.

இதயப் பாடம் முடிந்தபின் மீதி 85ஐ மாணவர்கள் அதிகம் திறக்கும் வரிசையில் எடுங்கள். புதிதாகச் செய்யும் பாடங்கள் முதல் நாளிலிருந்தே சரியாக வரட்டும். எந்தெந்தப் பாடங்கள் திருத்தப்பட்டன, எவை பாக்கி என்று தளத்திலேயே எழுதி வையுங்கள். வருகிறவர் தானாகவே திட்டமிட்டுக்கொள்வார். ஒவ்வொரு பாடத்தையும் சோதித்துச் சொல்லும்படி அந்த மாணவரையே கேட்கத் தோன்றும். ஒரு பாடத்துக்குக் கேளுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் ஊதியம் கொடுத்துக் கேளுங்கள். அவர் உங்களிடம் வந்தது படிக்க.

ஒரு வாரம் கடந்துவிட்டது, எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு எழுதலாம் என்று இருக்காதீர்கள். இன்றைக்கே எழுதுங்கள். நீளமான மன்னிப்பு வேண்டாம், நீளமான மன்னிப்பைப் பெற்றவர்தான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். இப்படி இருந்தால் போதும்: “தம்பி, பதில் எழுதத் தாமதமானதற்கு வருந்துகிறேன். நீங்கள் சொன்ன மூன்றும் சரி. இதயப் பாடத்தின் குறிப்பை யூனிகோடில் இத்துடன் இணைத்திருக்கிறேன். இரத்தம் எங்கேயிருந்து எங்கே போகிறது என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். தேர்வுக் கேள்விகளைச் சொற்களால் கேட்கும்படி மாற்றி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன். நேரக் கெடு இல்லை. நீங்கள் எந்தத் திரைவாசிப்பான் பயன்படுத்துகிறீர்கள்? அடுத்து எந்தப் பாடம் உங்களுக்கு அவசரம்?”

இதை மின்னஞ்சலில் எழுத்தாகவே அனுப்புங்கள், கைபேசியில் எடுத்த படமாக வேண்டாம். ஞாயிறு என்று எழுதினால் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர வேண்டும்.